ஒரு டிஸ்க், மூன்று யூசர் கணக்குகள்: மவுஸாலேயே பகிர்வு ஃபோல்டர் அமைத்த பதிவு

ஜினோம் டெஸ்க்டாப் ஓடும் ஒரு லினக்ஸ் கணினி. அதில் எழுத்து, படம், ஒலி என்று மூன்று யூசர் கணக்குகள், கூடவே விருந்தினர் என்று நான்காவது கணக்கு. 1 டிபி டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, அதில் 'பொது' என்ற ஃபோல்டர் வைக்க வேண்டும். முதல் மூன்று கணக்குகளில் யார் ஃபைல் போட்டாலும் மற்ற இருவரும் அதைத் திறந்து, திருத்தி, தேவைப்பட்டால் நீக்கவும் முடிய வேண்டும். விருந்தினர் கணக்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியக் கூடாது. டெர்மினல் பக்கம் போகாமல், எல்லாம் மவுஸாலேயே முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கடைசியில் மூன்று செயலிகள் போதுமானதாக இருந்தன: ஜினோமோடு வரும் 'ஃபைல்ஸ்' என்கிற நாட்டிலஸ், 'டிஸ்க்ஸ்', தனியாக நிறுவிக்கொள்ளும் 'எய்சியெல்'. மூன்றுமே இலவசம். மென்பொருள் மையத்தில் எய்சியெல்லைத் தேட ஆங்கிலத்தில் ஈ-ஐ-சி-ஐ-ஈ-எல் என்று எழுத்துக்கூட்டித் தட்ட வேண்டும். இடையில் சோதித்த மூன்று வழிகளும் பாதியில் நின்றன. அவை ஏன் நின்றன என்பது தெரிந்தால்தான் நான்காவது வழி ஏன் வேலை செய்கிறது என்பது புரியும் என்பதால் வரிசையாகவே எழுதுகிறேன்.

ஃபோல்டரை எங்கே வைப்பது

பலரும் முதலில் செய்வது, ஒருவருடைய ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே பகிர்வு ஃபோல்டரை உருவாக்கி அதை எல்லோருக்கும் திறந்துவிடுவது. உபுண்டு 21.04 முதல் புதிய கணக்குகளின் ஹோம் ஃபோல்டர் 750 என்ற அனுமதியோடு உருவாகிறது. இதில் மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு (யூசர் கணக்குகளின் தொகுப்பு), மற்றவர் ஆகியோருக்கானவை; வாசி 4, எழுது 2, நுழை அல்லது இயக்கு 1 என்ற எண்களின் கூட்டலே ஒவ்வோர் இலக்கமும். அதாவது உரிமையாளரும் அவருடைய குழுவும் தவிர வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. உள்ளிருக்கும் ஃபோல்டருக்கு 777 கொடுத்தாலும் பயனில்லை. ஒரு ஃபைலை எட்ட வேண்டுமானால், அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'நுழையும்' அனுமதி வேண்டும். நடுவில் ஒரு கதவு சாத்தியிருந்தால் உள்ளறை திறந்திருந்து என்ன பயன்?

இதற்காக ஹோமையே எல்லோருக்கும் திறந்துவிடுவது மோசமான பரிகாரம். மற்ற எல்லா ஃபோல்டர்களும் கூடவே வெளியே தெரியும். பகிர்வு ஃபோல்டர் ஹோமுக்கு வெளியே இருப்பதுதான் சரி. தனி டிஸ்க் இருந்ததால் அந்தச் சிக்கல் அதோடு தீர்ந்தது.

முதல் வழி: டிஸ்க் எக்ஸ்ஃபேட்டில் வந்திருந்தது

டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருந்தது. அப்படியே செருகி, ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் பெர்மிஷன்ஸ் பக்கத்துக்குப் போய் மாற்றினால் மாற்றம் நிற்கவில்லை. பக்கத்தை மூடித் திறந்தால் பழைய மதிப்பே திரும்பி வந்தது. எக்ஸ்ஃபேட்டிலும் ஃபேட்32-இலும் யூனிக்ஸ் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவற்றை எழுதிவைக்க இடமே கிடையாது. திரையில் தெரிபவை, டிஸ்க்கை மவுன்ட் செய்யும்போது, அதாவது கணினியின் ஒரு ஃபோல்டரில் இணைக்கும்போது, எல்லா ஃபைல்களுக்கும் ஒட்டுமொத்தமாகப் போர்த்தப்படும் மதிப்புகள்.

இன்னொரு தடையும் உண்டு. செருகியதும் தானாக மவுன்ட் ஆகும் டிஸ்க், மீடியா ஃபோல்டருக்குள் அந்த யூசரின் பெயரில் உள்ள உள்ஃபோல்டரில் போய் நிற்கும். அந்த உள்ஃபோல்டருக்குள் அவர் மட்டுமே நுழையலாம். எனவே எழுத்து கணக்கில் மவுன்ட் ஆன டிஸ்க்கை ஒலி கணக்கு தொட முடியாது.

எக்ஸ்ஃபேட்டை விட முடியாத நிலை என்றால் ஒரு வழி இருக்கிறது. டிஸ்க்ஸ் செயலியின் மவுன்ட் ஆப்ஷன்ஸில் யுஐடி (யூசரின் எண்), ஜிஐடி (குழுவின் எண்) ஆகியவற்றோடு, எடுத்துவிட வேண்டிய அனுமதிகளைச் சொல்லும் டிமாஸ்க் 0007 (ஃபோல்டர்களுக்கு), எஃப்மாஸ்க் 0117 (ஃபைல்களுக்கு) என்று கொடுத்தால் ஃபோல்டர்கள் 770 ஆகவும் ஃபைல்கள் 660 ஆகவும் தெரியும். ஆனால் டிஸ்க் முழுவதற்கும் இந்த ஒரே விதிதான். ஒரு ஃபோல்டருக்கு ஒன்று, இன்னொன்றுக்கு வேறு என்று பிரிக்க முடியாது. டிஸ்க் இந்தக் கணினியிலேயே இருக்கப் போவதால் ஃபார்மட்டையே மாற்றுவதென்று முடிவானது.

எக்ஸ்ட்4 ஃபார்மட்டும் மவுன்ட் அமைப்பும்

டிஸ்க்ஸ் செயலியில் பார்ட்டிஷனைத் தேர்ந்து, பல்சக்கர மெனுவில் ஃபார்மட் பார்ட்டிஷன், பிறகு லினக்ஸ் மட்டும் பயன்படுத்தும் உள்ளக டிஸ்க்குக்கான எக்ஸ்ட்4. இந்த வேலையை டிஸ்க்ஸில் செய்வதில் ஒரு வசதி உண்டு. ஃபார்மட் செய்த கணக்கே டிஸ்க்கின் மேல்மட்ட ஃபோல்டருக்கு உரிமையாளராகிவிடுகிறது. ஜிபார்ட்டட் என்ற மற்றொரு செயலியில் செய்தால் ரூட் (கணினியின் முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) உரிமையாளராக நிற்கும். அப்போது சாதாரணக் கணக்கால் உள்ளே ஒரு ஃபோல்டர்கூட உருவாக்க முடியாது. லாஸ்ட்+ஃபவுண்ட் என்று ஒரு ஃபோல்டர் தானாகத் தோன்றும். அது ரூட்டுக்குரியது, பூட்டியே இருக்கும், அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

எக்ஸ்ட்4 இயல்பாகவே 5 சதவீத இடத்தை ரூட்டுக்கு ஒதுக்கிவைக்கிறது. 1 டிபி டிஸ்க்கில் இது ஏறக்குறைய 50 ஜிபி. காலி டிஸ்க்கிலேயே இடம் குறைவாகக் காட்டுவதற்கு இதுதான் காரணம். ஃபார்மட்டில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்து அதே மெனுவில் எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ். மேலே இருக்கும் யூசர் செஷன் டீஃபால்ட்ஸ் சுவிட்சை அணைத்தால்தான் கீழே உள்ளவை மாற்ற வரும். கணினி தொடங்கும்போதே மவுன்ட் ஆகட்டும் என்பதையும் இடைமுகத்தில் காட்டு என்பதையும் இயக்கத்தில் வைக்க வேண்டும். மவுன்ட் பாயின்ட்டாக எம்என்டி ஃபோல்டருக்குள் ஒரு பெயர். இந்த இடத்தில் மட்டும் இடைவெளி இல்லாத ஆங்கிலச் சிற்றெழுத்துகள் நல்லது. 'ஐடென்டிஃபை ஆஸ்' என்ற இடத்தில் டிவைஸ் பெயரை விட்டு, பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணான யுயுஐடி-யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு டிஸ்க் செருகினால் டிவைஸ் பெயர் மாறிவிடலாம், யுயுஐடி மாறாது.

ஆப்ஷன்ஸ் வரியில் நோஃபெயில் என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டிஸ்க்ஸ் அதைத் தானாகவே போடும், அழித்துவிடக் கூடாது. அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணினியைத் தொடங்கினால், கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து பிறகு எமர்ஜென்சி நிலையில் போய் நின்றுவிடும். டிஸ்க்ஸ் இந்த வரியை மவுன்ட் விதிகள் இருக்கும் எஃப்ஸ்டேப் ஃபைலில் எழுதுவதால் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். முழு வேலையிலும் ரூட் அதிகாரம் தேவைப்பட்டது ஃபார்மட், மவுன்ட், நிறுவல் ஆகியவற்றுக்கு மட்டும்தான்.

கடவுச்சொல் கேட்கிறதே என்று ஃபைல் மேனேஜரையே ரூட்டாகத் தொடங்கிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம். அப்படித் திறந்த ஜன்னலில் உருவாக்கும் ஒவ்வொன்றும் ரூட்டுக்குச் சொந்தமாகும். சில நேரம் ஹோமில் உள்ள அமைப்பு ஃபைல்களும் ரூட் பெயருக்கு மாறி, அடுத்த முறை சாதாரணமாகத் திறக்கும்போது அமைப்புகள் சேமிக்கப்படாமல் போகும். உண்மையிலேயே தேவைப்பட்டால் நாட்டிலஸில் கன்ட்ரோல்+எல் அழுத்தி, முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அட்மின், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடுகள் என்று தட்டினால் அந்த இடத்துக்கு மட்டும் அதிகாரம் கிடைக்கும்.

இரண்டாம் வழி: எல்லோருக்கும் திறந்துவிடுவது

டிஸ்க்குக்குள் 'பொது' ஃபோல்டர் உருவானது. பெர்மிஷன்ஸ் பக்கத்தில் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று வரிசைகள். ஃபோல்டருக்கு இந்த வரிசைகளில் ஒன்றுமில்லை (உரிமையாளர் வரிசையில் மட்டும் இது இராது), பெயர்ப் பட்டியல் மட்டும், ஃபைல்களை அணுகலாம், உருவாக்கலாம்-நீக்கலாம் என்ற தேர்வுகள். சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும். 'பட்டியல் மட்டும்' என்பது பலரைக் குழப்பும். பெயர்கள் தெரியும், ஆனால் எதையும் திறக்க முடியாது. வாசிக்கும் அனுமதி இருந்து நுழையும் அனுமதி இல்லாத நிலை அது.

'மற்றவர்' வரிசையில் உருவாக்கலாம்-நீக்கலாம் கொடுத்ததும் மூன்று கணக்குகளும் உள்ளே வந்தன. விருந்தினரும் வந்தார். அதைவிட மோசமான ஒன்றும் தெரிந்தது. யூமாஸ்க் (புதிதாகப் பிறப்பவற்றிலிருந்து எடுத்துவிடும் அனுமதிகளைச் சொல்லும் எண்) 0022 என்று இருக்கும் அமைப்பில் படம் கணக்கு உருவாக்கிய ஃபைல் 644 ஆகப் பிறந்தது. ஒலி கணக்கால் அதைத் திருத்திச் சேமிக்க முடியவில்லை, ஆனால் தாராளமாக நீக்க முடிந்தது. நீக்கும் உரிமை ஃபைலின் அனுமதியைப் பார்ப்பதில்லை, அது இருக்கும் ஃபோல்டரின் எழுதும் அனுமதியைத்தான் பார்க்கிறது. திருத்த முடியாது, ஆனால் அழிக்கலாம் என்பதுதான் பகிர்வு ஃபோல்டருக்கு வரக்கூடிய மிக ஆபத்தான நிலை.

'உள்ளடங்கிய ஃபைல்களுக்கும் மாற்று' என்ற பொத்தான் ஃபைல்களுக்கும் ஃபோல்டர்களுக்கும் தனித்தனிப் பத்தி கொடுத்து எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றும். அது ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மட்டும்தான். ஒரு நிமிடம் கழித்து உருவாகும் ஃபைலுக்கு அந்த மாற்றம் பொருந்தாது. பெர்மிஷன்ஸ் பக்கம் காட்டுவது இன்றைய நிலையை. நாளை பிறக்கும் ஃபைலுக்கான விதியைச் சொல்ல அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. பகிர்வு ஃபோல்டருக்கோ அந்த விதிதான் தேவை.

மூன்றாம் வழி: குழுவும் செட்ஜிஐடியும்

மரபான வழி இது: ஒரு குழுவை உருவாக்கி, மூன்று கணக்குகளையும் அதில் சேர்த்து, ஃபோல்டரின் குழுவாக அதை வைப்பது. ஜினோம் செட்டிங்ஸில் குழு உருவாக்க இடம் இல்லை. லினக்ஸ் மின்ட்டில் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' என்ற கருவி உடனிருக்கிறது. குழுவில் சேர்த்த பிறகு அந்தக் கணக்கு லாக்அவுட் செய்து மீண்டும் நுழைய வேண்டும். பின்னணியில் அவருடைய செயல்கள் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் போதாது, ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது. பெர்மிஷன்ஸ் பக்கத்தின் குழுப் பட்டியலில் நாம் உறுப்பினராக உள்ள குழுக்கள் மட்டுமே வரும். புதிய குழு அங்கே தெரியவில்லை என்றால் லாக்அவுட் இன்னும் நடக்கவில்லை என்று பொருள்.

இத்தனையும் செய்து, ஃபோல்டருக்கு 770 வைத்தாலும் புதிய ஃபைல் அதை உருவாக்கியவரின் சொந்தக் குழுவோடுதான் பிறக்கும். ஃபோல்டரின் குழு உள்ளே பிறப்பவற்றுக்கு இறங்க வேண்டுமானால் செட்ஜிஐடி பிட் வேண்டும். நாட்டிலஸின் பக்கத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கேடிஈ என்ற மற்றொரு டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் பெர்மிஷன்ஸ் தாவலுக்குள் அட்வான்ஸ்டு பெர்மிஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் செட் ஜிஐடி, ஸ்டிக்கி போன்ற கட்டங்கள் வரும். அங்கே செட் ஜிஐடியைக் குறியிட்டதும் ஃபோல்டர் 2770 ஆனது (முன்னால் உள்ள 2 அந்தப் பிட்), புதிய ஃபைல்களுக்குக் குழு சரியாக வந்தது.

ஆனால் குழு சரி என்பதால் மட்டும் எழுதும் அனுமதி வந்துவிடாது. யூமாஸ்க் 0002 என்றால் ஃபைல் 664, குழு எழுதலாம். 0022 என்றால் 644, குழு வாசிக்க மட்டும்தான் முடியும். யூமாஸ்க்கை மாற்றினால் அந்தக் கணக்கின் எல்லா ஃபைல்களையும் அது பாதிக்கும். ஒரே ஒரு ஃபோல்டருக்காக அதைச் செய்வது பொருத்தமில்லை. யூமாஸ்க் ஏற்கெனவே 0002 ஆக இருக்கும் அமைப்பானால் இந்த மூன்றாம் வழியோடு நிறுத்திக்கொள்ளலாம், குறையில்லை.

நான்காம் வழி: எய்சியெல்லில் டீஃபால்ட் ஏசிஎல்

ஏசிஎல் என்பது உரிமையாளர்-குழு-மற்றவர் என்ற மூன்று வரிசைக்கு மேல் பெயர் சொல்லி வரிசைகள் சேர்ப்பது. எக்ஸ்ட்4 இதை இயல்பாகவே ஆதரிக்கிறது. இதில் 'டீஃபால்ட் ஏசிஎல்' என்று ஒரு பகுதி உண்டு. ஃபோல்டரின் மீது எழுதிவைத்தால், உள்ளே புதிதாகப் பிறக்கும் ஒவ்வொன்றுக்கும் அது இறங்கும். டீஃபால்ட் ஏசிஎல் இருக்கும் ஃபோல்டரில் யூமாஸ்க் கணக்கில் எடுக்கப்படாது. தேடிய விதி இதுதான்.

முந்தைய சோதனைகளை அழித்துவிட்டு, 'பொது' ஃபோல்டர் காலியாக இருக்கும்போதே எய்சியெல்லில் அதைத் திறந்தோம். மற்றவர் வரிசையில் வாசி, எழுது, இயக்கு மூன்றையும் எடுத்துவிட வேண்டும். ஃபோல்டரைப் பொறுத்தவரை 'இயக்கு' என்பது நுழையும் அனுமதி. கீழே உள்ள யூசர் பட்டியலிலிருந்து படம், ஒலி இரண்டையும் சேர்த்து மூன்று குறிகளையும் இட வேண்டும். பிறகு டீஃபால்ட் ஏசிஎல்லை இயக்கி, அதே பெயர்களை டீஃபால்ட் வரிசைகளாகவும் மறுபடி சேர்க்க வேண்டும். சாதாரண வரிசை இந்த ஃபோல்டருக்கு, டீஃபால்ட் வரிசை இனி பிறக்கப்போகும் ஃபைல்களுக்கு. இரண்டும் தனித்தனி, ஒன்றைப் போட்டால் மற்றது வராது.

இங்கே எளிதில் தவறும் ஒரு வரி இருக்கிறது. ஃபோல்டரின் உரிமையாளர் எழுத்து கணக்கு. உரிமையாளருக்குத்தான் எல்லாம் இருக்கிறதே என்று அவரைப் பெயர் சொல்லிச் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும்? படம் கணக்கு உள்ளே உருவாக்கும் ஃபைலுக்குப் படம்தான் உரிமையாளர். பெயர் வரிசைகளில் படமும் ஒலியும் மட்டும் இருப்பார்கள். எழுத்து 'மற்றவர்' ஆகிவிடுவார், மற்றவருக்கோ ஒன்றுமில்லை. தன் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலையே அவரால் திறக்க முடியாது. எனவே டீஃபால்ட் வரிசைகளில் மூன்று பெயர்களும், ஃபோல்டர் உரிமையாளரின் பெயர் உட்பட, இருந்தே ஆக வேண்டும்.

பெயர் சொல்லிச் சேர்ப்பதால் குழு தேவையில்லை, லாக்அவுட் தேவையில்லை, ரூட்டும் தேவையில்லை. ஃபோல்டரின் உரிமையாளரே செய்துவிடலாம். மாற்றம் உடனே நடைமுறைக்கு வருகிறது.

சோதனைக்கு யூசர் மாற்றி மாற்றி ஒவ்வொரு கணக்கிலும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஓர் உள்ஃபோல்டர், அந்த உள்ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் என்று உருவாக்கி, மற்ற இரு கணக்குகளிலிருந்தும் திருத்திச் சேமித்து நீக்கிப் பார்க்க வேண்டும். உள்ஃபோல்டர் சோதனையை விடக் கூடாது. டீஃபால்ட் விதி அடுத்த மட்டத்துக்கும் இறங்குகிறதா என்பது அங்கேதான் தெரியும். லிப்ரெஆபிஸ் ஃபைல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது திறக்கும்போதே அதே ஃபோல்டரில் ஒரு மறை பூட்டு ஃபைலை உருவாக்கும் என்பதால் ஃபோல்டரின் எழுதும் அனுமதியும் சேர்ந்து சோதிக்கப்படும்.

புதிய ஃபைலை எய்சியெல்லில் திறந்தால் இயக்கு என்ற பத்தியில் செயல்படாத அனுமதி என்ற எச்சரிக்கை தெரியும். பயப்பட வேண்டாம். சாதாரண ஃபைல் இயக்கும் அனுமதி இல்லாமல்தான் பிறக்கிறது, மாஸ்க் (பெயர் வரிசைகளுக்கும் குழுவுக்கும் கிடைக்கக்கூடிய அனுமதியின் மேல்வரம்பு) அதை வடிகட்டிவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

காப்பி, மூவ், மாஸ்க்

புதிதாகப் பிறக்கும் ஃபைல்கள் சரியாகிவிட்டன. வெளியிலிருந்து வருபவைதான் இனித் தொல்லை.

ஒரே டிஸ்க்குக்குள் ஒரு ஃபைலை 'பொது'வுக்கு மூவ் செய்தால் அது பழைய உரிமையாளர், பழைய அனுமதியோடே வந்து உட்காரும். டீஃபால்ட் ஏசிஎல் பிறப்புக்குத்தான், குடிபெயர்வுக்கு இல்லை. ஆகவே காப்பி செய்து, பிறகு மூலத்தை நீக்குவதே வழக்கமாக இருக்கட்டும்.

காப்பியிலும் ஒரு கண்ணி உண்டு. நாட்டிலஸ் காப்பி செய்யும்போது மூல ஃபைலின் அனுமதி எண்ணையும் கூடவே கொண்டுவருகிறது. மூலம் 644 என்றால் பெயர் வரிசைகள் எல்லாம் முறையாக இருந்தும் மாஸ்க் வாசிப்பு மட்டும் என்று சுருங்கிவிடும். எய்சியெல்லில் பார்த்தால் ஒலிக்கு எழுது குறி இருக்கும், ஆனால் செயல்படாது. ஸிப், டார் ஃபைல்களைப் பிரிக்கும்போதும் இதே நிலை வரலாம்.

இதைச் சரிசெய்யும் வழி நாட்டிலஸிலேயே இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. ஏசிஎல் உள்ள ஃபைலின் சாதாரண பெர்மிஷன்ஸ் பக்கத்தில் 'குழு' வரிசை காட்டுவது உண்மையில் மாஸ்க்கை. அங்கே குழுவுக்கு வாசி-எழுது என்று மாற்றினால் மாஸ்க் விரிந்து பெயர் வரிசைகள் எல்லாம் உயிர்பெறும். ஃபோல்டர் முழுவதும் காப்பி செய்திருந்தால், காப்பி செய்தவரே அந்த உள்ஃபோல்டரின் பக்கத்தில் 'உள்ளடங்கிய ஃபைல்களுக்கும் மாற்று' என்பதைத் திறந்து, குழு வரிசையில் ஃபைல்களுக்கு வாசி-எழுது, ஃபோல்டர்களுக்கு உருவாக்கலாம்-நீக்கலாம் என்று கொடுத்தால் போதும். ஃபைலின் உரிமையாளர் மட்டுமே இதைச் செய்ய முடியும். மற்றவர் திறந்தால் நீங்கள் உரிமையாளர் இல்லை என்ற வரிதான் வரும். இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள்: குழு வரிசையை யாராவது 'வாசிக்க மட்டும்' என்று குறைத்தால் பெயர் வரிசைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் முடங்கும்.

குப்பைத்தொட்டி

ஃபைலை நீக்கும்போது "குப்பைத்தொட்டிக்கு அனுப்ப முடியாது, நிரந்தரமாக நீக்கவா" என்று படம் கணக்கில் கேட்டது. எழுத்து கணக்கில் கேட்கவில்லை. தனி டிஸ்க்கில் உள்ள ஃபைல்களின் குப்பைத்தொட்டி அந்த டிஸ்க்கின் மேல்மட்டத்தில், ஒவ்வொரு கணக்கின் யுஐடி எண்ணோடு மறை ஃபோல்டராக உருவாகும். டிராஷ்-1000, டிராஷ்-1001 என்று. மேல்மட்டத்தில் எழுதும் அனுமதி உரிமையாளருக்கு மட்டும் இருந்ததால் மற்றவர்களுக்கு அது உருவாகவில்லை. மேல்மட்ட ஃபோல்டரிலும் எய்சியெல்லில் படம், ஒலி இரண்டுக்கும் சாதாரண வரிசையாக மூன்று அனுமதிகளும் கொடுத்ததும் சரியானது. டீஃபால்ட் வரிசை அங்கே தேவையில்லை. ஒருவர் குப்பையில் போட்டதை அவர் கணக்கிலிருந்துதான் மீட்க முடியும் என்பதையும் மூவருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்த முறை மாற்றப்போவது

மூன்று பேருக்குப் பெயர் வரிசை எளிது. நான்காவது ஆள் சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் அவர் பெயரைச் சேர்க்க வேண்டிவரும். ஆள் கூடும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே ஒரு குழுவை உருவாக்கி, எய்சியெல்லில் யூசர் பெயர்களுக்குப் பதிலாக அந்தக் குழுவைச் சாதாரண வரிசையாகவும் டீஃபால்ட் வரிசையாகவும் போட வேண்டும். பிறகு புதியவரைக் குழுவில் சேர்த்தால் போதும்.

முடிந்த வேலைகளுக்கு 'பொது'வுக்குள்ளேயே ஓர் உள்ஃபோல்டரை வைத்து அதற்கு ஸ்டிக்கி பிட் போடுவேன். அந்தப் பிட் இருந்தால் ஃபைலின் உரிமையாளரும் ஃபோல்டரின் உரிமையாளரும் தவிர வேறு யாரும் நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. டால்ஃபினில் ஒரே குறி.

காப்பு நகலுக்கு எக்ஸ்ஃபேட் டிஸ்க்கைப் பயன்படுத்தினால் ஃபைல்கள் மிஞ்சும், அனுமதிகள் ஒன்றும் மிஞ்சாது. காப்பு டிஸ்க்கும் எக்ஸ்ட்4 ஆக இருக்கட்டும். டிஸ்க்கைக் கழற்றி வேறு லினக்ஸ் கணினியில் செருகுவதாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் பதிவாவது யூசர் பெயரல்ல, யுஐடி எண். பெரும்பாலான லினக்ஸ்களில் முதல் கணக்குக்கு 1000, அடுத்து 1001 என்று போகும். அந்தக் கணினியில் 1001 வேறொருவராக இருந்தால் படத்தின் ஃபைல்கள் எல்லாம் அவருக்குத் திறக்கும். கணக்குகளை இரு கணினிகளிலும் ஒரே வரிசையில் உருவாக்கி, எண்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டிஸ்க்கைச் செருகவும்.